முதுமைக்கான மருத்துவக் காப்புறுதி: தரகர் யாருடைய பக்கம்?

எமது அலுவலகத்தில் நீண்டகாலம் ஒப்புநோக்காளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் எம்மைச் சந்திக்க வந்திருந்தார். அவருடைய கையில் கடிதமொன்று இருந்தது. தனியார் வைத்தியசாலையொன்றில் இருதய சத்திரசிகிச்சை செய்துகொண்ட அவர், அதற்கான செலவைத் தமது காப்புறுதிக் கம்பனியிடம் கோரியிருந்தார். முன்னரே இருந்த நீரிழிவு நோயை விண்ணப்பப் படிவத்தில் வெளிப்படுத்தவில்லை என்ற காரணத்தைக் காட்டி அக்கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. படிவத்தை நிரப்பியவர் அவரல்லர், உறவினர் ஒருவரின் மகனான காப்புறுதி முகவரே அதனை நிரப்பியிருந்தார். "கொஞ்சம் சீனி இருக்கிறது தம்பி" என்று இவர் கூறியபோது, "அதையெல்லாம் எழுதினால் கட்டுப்பணம் கூடும் ஐயா, விடுங்கள்" என்று அந்த இளைஞர் பதிலளித்தாராம். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. இவர் கையொப்பத்தை மாத்திரம் இட்டார். பிறர் எழுதியவற்றில் பிழை தேடுவதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர், தமது முதுமையின் பாதுகாப்பை நிர்ணயித்த அந்த ஒரு தாளை வாசிக்காமல் விட்டுவிட்டார்.

அவர் எம்மிடம் கேட்ட கேள்வி மிகவும் எளிமையானது. "அந்தத் தம்பி எனக்காக வந்தவரா, கம்பனிக்காக வந்தவரா?" என்பதே அது. இந்நாட்டில் மருத்துவக் காப்புறுதி பெறும் முதியவர்களில் மிகப் பெரும்பாலானோர் இக்கேள்வியைக் கேட்பதேயில்லை. கேட்கும்போது காலம் கடந்துவிடுகின்றது. இக்கேள்வியை முன்கூட்டியே கேட்க வேண்டியதன் அவசியத்தையும், காப்புறுதிக் கம்பனி எதனையும் சாராத தரகர் ஒருவரின் உதவி முதியவர்களுக்கு எந்தளவுக்குப் பயன்படும், எந்தளவுக்குப் பயன்படாது என்பதையும் இங்கு ஆராய விரும்புகின்றோம்.

இலங்கை வேகமாக முதுமையடைந்து வரும் நாடு என்பது புதிய செய்தியன்று. எனினும் அதன் வேகம் நாம் எண்ணியதைவிட அதிகமானது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் 65 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் மொத்தச் சனத்தொகையில் 7.9 வீதமாக இருந்தனர். 2024 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் அது 12.6 வீதமாக உயர்ந்துள்ளது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஏற்பட்ட இம்மாற்றத்தின் பாரத்தைத் தாங்க வேண்டிய குடும்பங்களோ சிறுத்துவிட்டன. வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட, பெற்றோர் மாத்திரம் எஞ்சியிருக்கும் வீடுகள் ஏராளம். மலையகத்திலும் இளைஞர்கள் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் தொழில் தேடிச் சென்றுவிடுகின்றனர். வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதற்குக்கூட அயலவரை நாட வேண்டிய நிலையில் பல முதியவர்கள் உள்ளனர்.

இலவச சுகாதார சேவை இந்நாட்டின் பெருமைக்குரிய சாதனை என்பதில் இரு கருத்துகளுக்கு இடமில்லை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகளிலும் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையிலும் ஏழை எளியவர்கள் பெறும் சிகிச்சையை, எம்மைவிடச் செல்வம் படைத்த பல நாடுகளின் ஏழைகள் பெறுவதில்லை. ஆயினும் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பாதியை அண்மித்த பங்கு மக்களின் சொந்தப் பணப்பையிலிருந்தே செல்கின்றது. தனியார் மருந்தகங்கள், ஆய்வுகூடப் பரிசோதனைகள், விசேட வைத்திய நிபுணரைச் சந்திப்பதற்கான கட்டணங்கள் என்று அது சிதறிக் கிடக்கின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது அரச வைத்தியசாலைகளில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதையும், நோயாளரின் உறவினர்கள் மருந்துச் சிட்டையுடன் கடை கடையாக அலைந்ததையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சத்திரசிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் நீளும்போது, "தனியாரிடம் போனால் உடனே செய்யலாம்" என்ற ஒரு வார்த்தை, காணியை ஈடு வைப்பதற்கும் நகையை அடகு வைப்பதற்கும் குடும்பங்களைத் தள்ளுகின்றது.

இத்தகைய சூழ்நிலையிலேயே மருத்துவக் காப்புறுதியை நாடுவோர் பெருகியுள்ளனர். இங்குதான் ஒரு முரண்பாடு தலைதூக்குகின்றது. தனியார் துறை ஊழியர்கள் பணியில் இருக்கும் காலத்தில் பலருக்கு நிறுவனமே குழு மருத்துவக் காப்புறுதியை வழங்குகின்றது. 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் ஊழியர்களின் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது. அந்த வயதில் வேலை முடிவடையும்போது அக்காப்புறுதியும் பொதுவாக முடிவடைந்துவிடுகின்றது. உடம்பு ஆரோக்கியமாக இருந்த காலமெல்லாம் கூடவே வந்த குடை, மழை தொடங்கும் நேரத்தில் பறிக்கப்படுவது போன்ற நிலை இது. அரச ஊழியர்களுக்கு, 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் நடத்தும் அக்ரஹார காப்புறுதி உள்ளது. அது ஓய்வூதியர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டுள்ளது. தனியார் துறையினருக்கோ, வர்த்தகர்களுக்கோ, விவசாயிகளுக்கோ, கடற்றொழிலாளருக்கோ அவ்வாறான ஏற்பாடு எதுவுமில்லை. அவர்கள் ஊழியர் சேமலாப நிதியையோ வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணத்தையோ கையில் வைத்துக்கொண்டு சந்தைக்குச் செல்ல வேண்டியவர்களாக உள்ளனர்.

அந்தச் சந்தையில் அவர்களை எதிர்கொள்வது எளிதான பண்டமன்று. மருத்துவக் காப்புறுதி பல வேடங்களில் விற்கப்படுகின்றது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் தனி வைத்தியசாலைக் காப்புறுதி ஒன்று. ஆயுள் காப்புறுதியுடன் இணைக்கப்படும் மேலதிக மருத்துவ நலன் மற்றொன்று. வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் குறித்த தொகையை மாத்திரம் வழங்கும் திட்டம் இன்னொன்று. பட்டியலிடப்பட்ட கொடிய நோய்களுள் ஒன்று ஏற்பட்டால் ஒரேயடியாக ஒரு தொகையைக் கொடுப்பது வேறொன்று. இவை நான்கும் "மருத்துவக் காப்புறுதி" என்ற ஒரே பெயரில் வாசற்படிக்கு வருகின்றன. நாளொன்றுக்குக் குறித்த தொகை வழங்கும் திட்டத்தைப் பெற்றுவிட்டு, சத்திரசிகிச்சைச் செலவு முழுவதும் கிடைக்கும் என்று நம்பியிருப்போர் உள்ளனர். ஆயுள் காப்புறுதியுடன் இணைந்த மருத்துவ நலன் குறிப்பிட்ட வயதுடன் நின்றுவிடும் என்பதை, அந்த வயதை அடைந்த பின்னரே அறிந்துகொள்வோரும் உள்ளனர்.

இவற்றுக்குள்ளும் நுணுக்கங்கள் மறைந்துள்ளன. புதிதாகச் சேர்வதற்கான வயதெல்லை வேறு, ஏற்கனவே சேர்ந்தவர் தொடர்ந்து புதுப்பிப்பதற்கான வயதெல்லை வேறு. முன்னரே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம், அறைக் கட்டணத்துக்கான உச்சவரம்பு, கண்புரை, மூட்டு மாற்று போன்ற குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கான தனி வரம்பு, செலவில் ஒரு பங்கை நோயாளரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை என்று பட்டியல் நீள்கின்றது. பத்து இலட்சம் ரூபா காப்புறுதி என்று முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கலாம். மூட்டு மாற்று சிகிச்சைக்கு அதில் எவ்வளவு கிடைக்கும் என்பது உட்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். முதியவர் ஒருவருக்குப் பயன்படப்போவது முன்பக்கத் தொகையன்று, உட்பக்கத் தொகையே என்பதை விளக்கிக் கூறுவதற்கு ஒருவர் தேவைப்படுகின்றார்.

அந்த ஒருவர் யார்? காப்புறுதி முகவர், காப்புறுதித் தரகர் என்ற இரு சொற்களையும் நாம் அன்றாடப் பேச்சில் வேறுபாடின்றிப் பயன்படுத்துகின்றோம். சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் காப்புறுதிக் கைத்தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டம் இருவரையும் தனித்தனியாக வகுத்துள்ளது. முகவர் என்பவர் தம்மை நியமித்த கம்பனியின் பண்டத்தை விற்பவர். அடுத்த கம்பனியில் அதைவிடச் சிறந்த திட்டம் இருப்பினும் அதனைக் கூறுவது அவரது கடமையன்று. தரகரோ ஒரு கம்பனிக்குக் கட்டுப்படாமல், பல கம்பனிகளின் திட்டங்களை ஒப்பிட்டு, காப்புறுதி பெறுபவரின் சார்பில் பேச வேண்டியவர். தரகு நிறுவனங்கள் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவு செய்திருத்தல் கட்டாயமாகும். வங்கிக் கருமபீடத்தில் காப்புறுதி விற்பவரும் பெரும்பாலும் அந்த வங்கியுடன் உடன்பாடு கொண்ட கம்பனியின் சார்பிலேயே பேசுகின்றார் என்பதையும் இங்கு நினைவில் நிறுத்துதல் நன்று.

எமது ஒப்புநோக்காளர் நண்பரின் கேள்விக்கான விடையும் இவ்வேறுபாட்டில்தான் அடங்கியுள்ளது. ஆனால் அந்த விடை அவருக்கு ஆறுதலளிக்கக்கூடியதன்று. ஆயுள் காப்புறுதி, தீக் காப்புறுதி ஆகியன தொடர்பாக ஆங்கிலச் சட்டத்தைக் குடியியல் சட்டக் கட்டளைச்சட்டமே இந்நாட்டுக்குக் கொண்டுவந்தது. காப்புறுதி கோருபவர் தம்மைப் பற்றிய முக்கிய விபரங்கள் அனைத்தையும், கேட்கப்படாவிடினும், தாமே முன்வந்து வெளிப்படுத்த வேண்டும் என்பது அச்சட்ட மரபின் அடிப்படை. முகவர் படிவத்தை நிரப்பும்போது அந்த வேலைக்கு மாத்திரம் அவர் விண்ணப்பதாரரின் கையாளாகவே கருதப்படுவார் என்று ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றம் 1929 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. விற்பனையின்போது கம்பனியின் ஆளாக இருப்பவர், பேனையைக் கையிலெடுத்ததும் எமது ஆளாக மாறிவிடுகின்றார் என்பதே இதன் பொருள். பிழை நேர்ந்தால் அது கையொப்பமிட்டவரின் பிழையாகின்றது.

இம்மரபைத் தோற்றுவித்த பிரித்தானியாவே இன்று அதனைக் கைவிட்டுள்ளது என்பது கவனிக்கத்தக்கது. 2012 ஆம் ஆண்டில் அங்கு நிறைவேற்றப்பட்ட நுகர்வோர் காப்புறுதிச் சட்டத்தின்படி, சாதாரண நுகர்வோர் கேட்கப்படும் கேள்விகளுக்கு நியாயமான கவனத்துடன் உண்மையான பதிலளித்தால் போதுமானது. கேட்கப்படாததை ஊகித்துச் சொல்ல வேண்டிய கடமை நீக்கப்பட்டுவிட்டது. அண்டை நாடான இந்தியாவிலும் 2024 ஆம் ஆண்டில் முக்கிய மாற்றங்கள் செய்யப்பட்டன. மருத்துவக் காப்புறுதியைத் தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள் பேணியவரின் கோரிக்கையை, மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, நோயை மறைத்தார் என்ற காரணத்தால் நிராகரிக்க முடியாது. முன்னரே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிய காப்புறுதி மறுக்கப்படுவதற்கு வழிவகுத்த வயதெல்லையும் அகற்றப்பட்டது. அதே ஆண்டில், 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வேறுபாடின்றிக் குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் இந்திய ரூபா வரையிலான அரச மருத்துவக் காப்புறுதி விரிவுபடுத்தப்பட்டது. இலங்கையின் சட்டவாக்குநர்கள் ஆங்கில மரபின் பழைய சுமையை மாத்திரம் சுமந்துகொண்டு, அதன் புதிய திருத்தங்களைக் காணாதிருப்பது நியாயமாகாது.

அவ்வாறாயின், முதியவர்கள் முகவரை விடுத்துத் தரகரிடம் சென்றுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? அவ்வாறு முடிவு கட்டுவது அவசரமானதாகும். தரகர் முறை முதியோர் மருத்துவக் காப்புறுதியில் ஆழமாக வேரூன்றிய நாடு ஐக்கிய அமெரிக்கா. அதன் அனுபவம் எமக்குப் பெரிய பாடமாகும்.

1965 ஆம் ஆண்டில் அங்கு நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் மூலம் 65 வயதைக் கடந்தவர்களுக்கான 'மெடிகெயார்' என்ற அரச காப்புறுதி தோற்றம் பெற்றது. இன்று அதன்கீழ் வரும் முதியவருக்கு இரு பாதைகள் உள்ளன. அரசின் மூலத் திட்டத்தில் இருந்துகொண்டு, அது விட்டுவைக்கும் செலவுகளுக்காகத் தனியாரிடம் துணைக் காப்புறுதி பெறலாம். அல்லது அரசு பணம் செலுத்த, தனியார் கம்பனி நடத்தும் முழுமையான திட்டமொன்றில் சேரலாம். ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டத்தை மாற்றிக்கொள்ளும் பருவம். அக்காலத்தில் அமெரிக்க முதியவர்களின் தொலைபேசி ஓய்வதில்லை. துணைக் காப்புறுதியில் சேர்வதற்குத் தொடக்கத்தில் கிடைக்கும் ஆறு மாத காலத்தில் எந்த நோயைக் காட்டியும் கம்பனி மறுக்க முடியாது. அக்காலம் கடந்துவிட்டால் பெரும்பாலான மாநிலங்களில் மறுக்கலாம். எனவே ஒருமுறை எடுக்கும் தவறான முடிவு வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். இந்தக் குழப்பத்தில் வழிகாட்டுவதற்கே தனித்தியங்கும் தரகர்கள் அங்கு பெருகினர்.

அவர்களில் நேர்மையானவர்கள் செய்யும் பணி மதிப்புமிக்கது. முதியவரின் வைத்தியர் எந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ளார், அவர் அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகள் எதில் அடங்குகின்றன, அயலூருக்கு மகளின் வீட்டுக்குச் சென்றால் அங்கும் சிகிச்சை கிடைக்குமா என்பனவற்றைப் பொறுமையுடன் ஆராய்ந்து கூறுகின்றனர். இதற்காக முதியவரிடம் அவர்கள் கட்டணம் அறவிடுவதில்லை. பணம் கம்பனியிடமிருந்து வருகின்றது. சிக்கலும் அங்கிருந்தே ஆரம்பமாகின்றது. ஒரு கம்பனி கூடுதல் தரகு கொடுத்தால் தரகரின் நாக்கு எந்தப் பக்கம் சாயும்? இதனைக் கட்டுப்படுத்தும் நோக்கில் அமெரிக்க அரசு தரகுக்கு உச்சவரம்பு விதித்துள்ளது. தனியார் முழுமைத் திட்டமொன்றில் ஒருவரைப் புதிதாகச் சேர்ப்பதற்கான அந்த வரம்பு 2025 ஆம் ஆண்டுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 626 டொலராகவும், அடுத்தடுத்த ஆண்டுகளில் தொடர்வதற்கு அதன் பாதியாகவும் இருந்தது. வரம்பு இருந்தும் சந்தைப்படுத்தல் செலவு, நிருவாகச் செலவு என்ற பெயர்களில் தரகு நிறுவனங்களுக்கு வேறு வழிகளில் பணம் சென்றது என்ற முறைப்பாடுகள் எழுந்தன. 2025 மே மாதத்தில் அமெரிக்க நீதித் திணைக்களம் மூன்று பெரிய காப்புறுதிக் கம்பனிகளுக்கும் மூன்று பெரிய தரகு நிறுவனங்களுக்கும் எதிராக வழக்கில் இறங்கியது. 2016 முதல் 2021 வரையாவது இரகசியக் கொடுப்பனவுகளுக்காக முதியவர்கள் குறிப்பிட்ட திட்டங்களுக்குத் திசைதிருப்பப்பட்டனர் என்பது அதன் குற்றச்சாட்டு. அந்நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்தன. நீதிமன்றத்தின் முடிவு எதுவாயினும், "தனித்தியங்குபவர்" என்ற பெயர்ப்பலகை மாத்திரம் ஒருவரைத் தனித்தியங்கச் செய்துவிடாது என்பதை அவ்வழக்கு உலகுக்கு உணர்த்தியுள்ளது.

அதேவேளை, அதே அமெரிக்காவில் மற்றுமோர் ஏற்பாடும் உள்ளது. 1990 ஆம் ஆண்டின் சட்டமொன்றின் மூலம் ஒவ்வொரு மாநிலத்திலும் முதியோருக்கான காப்புறுதி ஆலோசனைச் சேவை உருவாக்கப்பட்டது. பயிற்றப்பட்ட ஆலோசகர்களும் தொண்டர்களும் இலவசமாக வழிகாட்டுகின்றனர். அவர்கள் எதனையும் விற்பதில்லை, எவரிடமிருந்தும் தரகு பெறுவதில்லை. தரகர் கூறியதைச் சரிபார்ப்பதற்கு முதியவருக்கு இரண்டாவது வாசல் ஒன்று அங்கு திறந்திருக்கின்றது. எமது நாட்டில் இல்லாதது அந்த இரண்டாவது வாசலே.

இலங்கையின் நிலைமை இன்னும் ஒருபடி பின்தங்கியது என்றே கூற வேண்டும். இங்கு தரகு நிறுவனங்கள் பெரும்பாலும் கொழும்பை மையமாகக் கொண்டவை. தொழிற்சாலைகள், வர்த்தக நிறுவனங்கள், வாகனங்கள், குழுக் காப்புறுதிகள் ஆகியவற்றிலேயே அவற்றின் கவனம் குவிந்துள்ளது. சாவகச்சேரியிலோ காத்தான்குடியிலோ ஹட்டனிலோ வாழும் ஒரு முதிய தம்பதியின் காப்புறுதிக்காக அவை தேடி வருவதில்லை. கட்டுப்பணத்தின் வீதமாகத் தரகு கிடைக்கும்போது, சிறிய கட்டுப்பணத்துக்குச் சிறிய தரகே கிடைக்கும். முதியவருக்கோ அதிக நேரமும் அதிக விளக்கமும் தேவை. வியாபாரக் கணக்கில் அவர் இலாபமற்றவராகின்றார். ஆகவே அவரது வாசலுக்கு வருபவர் உறவுமுறையைப் பிடித்துக்கொண்டு வரும் முகவராகவே இருக்கின்றார். உறவினர் மகன் என்பதால் கேள்வி கேட்கக் கூச்சம், "நம்ம பிள்ளை ஏமாற்றுமா" என்ற நம்பிக்கை, இவை இரண்டும் சேர்ந்து படிவத்தை வாசிக்காமலேயே கையொப்பமிடச் செய்கின்றன. அந்த முகவரும் தீய எண்ணத்துடன் செயற்படுகின்றார் என்று நாம் கூறவரவில்லை. மாத இலக்கை எட்ட வேண்டிய நெருக்குதல் அவருக்கும் உள்ளது.

தமிழ் பேசும் மக்களுக்கு மொழியும் ஒரு தடையாக உள்ளது. காப்புறுதி விளம்பரங்கள் அழகிய தமிழில் வருகின்றன, ஒப்பந்தமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றது. விற்பதற்கு ஒரு மொழி, மறுப்பதற்கு இன்னொரு மொழி என்ற இந்நிலை மாற வேண்டும். காப்புறுதி ஒப்பந்தத்தின் விதிவிலக்குகளையாவது தமிழில் எழுத்து மூலம் தருமாறு கேட்பது நுகர்வோர் ஒவ்வொருவரினதும் நியாயமான கோரிக்கையாகும். முஸ்லிம் வாசகர்களைப் பொறுத்தவரை இன்னுமொரு பரிமாணமும் உண்டு. வட்டியும் நிச்சயமின்மையும் கலந்த வழமையான காப்புறுதியில் தயக்கம் கொண்டோருக்காக, பரஸ்பர உதவியை அடிப்படையாகக் கொண்ட தகாபுல் முறை 1999 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் இயங்கி வருகின்றது. இம்முறையில் சேரும் முதியவர்களும், மார்க்க அடிப்படையில் ஆகுமானது என்பதோடு திருப்திப்பட்டுவிடலாகாது. வயதெல்லை, காத்திருப்புக் காலம், விதிவிலக்குகள் ஆகியவற்றை அதே கண்டிப்புடன் ஆராய்தல் வேண்டும். பல கம்பனிகளை ஒப்பிடும் தரகர் தகாபுல் திட்டங்களையும் அவ்வொப்பீட்டில் சேர்த்துக்கொள்கின்றாரா என்று கேட்பதற்கும் தயங்கலாகாது.

தரகரை நாடும் ஒருவர் முதலிற் செய்ய வேண்டியது, அந்நிறுவனம் ஆணைக்குழுவில் நடப்பாண்டுக்குப் பதிவு செய்யப்பட்டுள்ளதா என்பதை உறுதி செய்வதாகும். அடுத்து, எத்தனை கம்பனிகளின் திட்டங்களை ஒப்பிட்டார், எவற்றை ஒப்பிடவில்லை, இத்திட்டத்தை விற்பதால் அவருக்குக் கிடைக்கும் தரகு எவ்வளவு என்று நேரடியாகவே கேட்க வேண்டும். நேர்மையான தரகர் இக்கேள்வியால் கோபமடைய மாட்டார். கோபமடைவாராயின் அதுவே ஒரு பதிலாகும். எந்த வயது வரை புதுப்பிக்கலாம், கோரிக்கை செய்த அடுத்த ஆண்டில் கட்டுப்பணத்தை உயர்த்தவோ புதுப்பிக்க மறுக்கவோ கம்பனிக்கு உரிமை உண்டா, பெற்றவுடன் மனம் மாறினால் பணத்தை மீளப்பெறும் கால அவகாசம் எவ்வளவு என்பனவற்றுக்கான பதில்களை எழுத்தில் பெறுதல் நன்று. கோரிக்கை மறுக்கப்படும்போது தமக்காக வாதாடுவாரா என்பது தரகரிடம் கேட்க வேண்டிய இறுதிக் கேள்வி. விற்கும் நாளில் அனைவரும் நண்பர்களே. தரகரின் உண்மையான பயன் கோரிக்கை நாளிலேயே தெரியவரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் எதனையும் மறைக்கலாகாது. கட்டுப்பணம் கூடினாலும், சில நோய்கள் விலக்கப்பட்டாலும், உண்மையை எழுதிய படிவமே காப்புறுதியாகும். மறைத்து எழுதிய படிவத்துக்காகச் செலுத்தும் கட்டுப்பணம் வீண் செலவு. படிவத்தை வேறொருவர் நிரப்பினால், நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு வரி வரியாக வாசிப்பித்துக் கேட்ட பின்னரே கையொப்பமிட வேண்டும். பிரதியொன்றைக் கையில் வைத்திருத்தல் அவசியமாகும். வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்காகக் கட்டுப்பணம் செலுத்தும் பிள்ளைகள், பணம் அனுப்புவதோடு நின்றுவிடாமல் அந்தப் பிரதியையும் கேட்டு வாங்கி வாசிக்க வேண்டும். தூரத்திலிருந்தாலும் அவர்களால் செய்யக்கூடிய பெரிய உதவி அதுவாகும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்கள் அத்துடன் முடிந்துவிட்டதாக எண்ணி ஒதுங்கிவிட வேண்டியதில்லை. முதலில் கம்பனியிடமே எழுத்து மூலம் மேன்முறையீடு செய்யலாம். தீர்வு கிட்டாவிடின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2005 ஆம் ஆண்டிலிருந்து இவ்வலுவலகம் செயற்பட்டு வருகின்றபோதிலும், அப்படியொன்று இருப்பதே எமது மக்களில் பலருக்குத் தெரியாது. ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறைப்பாடு செய்யலாம். எமது நண்பரையும் அவ்வாறே வழிப்படுத்தியுள்ளோம். அவருக்கு நியாயம் கிடைக்குமா என்பதை இப்போது கூற முடியாது.

தனிமனித எச்சரிக்கையால் மாத்திரம் தீரக்கூடிய பிரச்சினையன்று இது. இரண்டாவது வாசலை உருவாக்குவதற்கு இலங்கை பெருந்தொகைப் பணம் செலவிட வேண்டியதில்லை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முதியோருக்கான தேசிய சபை இயங்குகின்றது. பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் உள்ளனர். கிராமங்கள் தோறும் முதியோர் சங்கங்கள் உள்ளன. இவ்வுத்தியோகத்தர்களுக்கும் சங்கங்களின் படித்த உறுப்பினர்களுக்கும் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு சில நாள் பயிற்சி அளித்தால், எதனையும் விற்காத ஆலோசகர்கள் ஒவ்வொரு பிரதேசத்திலும் உருவாகுவர். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி உத்தியோகத்தர்களும் இப்பணிக்கு மிகவும் பொருத்தமானவர்கள். ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் மாதத்தில் ஒருநாள் இடமளித்தாலே போதுமானது. அத்துடன் முதியவர்களுக்கு விற்கப்படும் மருத்துவக் காப்புறுதிகளின் தரகு வெளிப்படுத்தப்படுவதும், எல்லாக் கம்பனிகளும் ஒரே அமைப்பிலான ஒருபக்கச் சுருக்கத்தை மும்மொழிகளிலும் வழங்குவதும் கட்டாயமாக்கப்படுதல் வேண்டும்.

இறுதியாக ஒன்றைக் கூறியாக வேண்டும். எல்லா முதியவர்களுக்கும் தனியார் மருத்துவக் காப்புறுதி பொருத்தமானதன்று. எழுபதைக் கடந்து, பல நோய்கள் விலக்கப்பட்ட நிலையில் பெரும் கட்டுப்பணம் செலுத்துவதைவிட, அத்தொகையை வங்கியில் வைப்பிலிட்டு அரச வைத்தியசாலையை நம்பியிருப்பதே சிலருக்குச் சிறந்த முடிவாகலாம். ஊழியர் சேமலாப நிதியில் கிடைத்த பணத்தின் பெரும்பகுதியை நீண்டகாலக் காப்புறுதியில் முடக்குவதற்கு முன்னர் இருமுறை சிந்திக்க வேண்டும். "உங்களுக்கு இது தேவையில்லை ஐயா" என்று கூறத் துணிபவரே உண்மையில் தனித்தியங்கும் தரகர். ஆனால் அவ்வாறு கூறுவதால் அவருக்கு ஒரு சதமேனும் கிடைக்காது என்பதுதான் இம்முறையின் அடிப்படைக் குறைபாடு. ஆகவேதான் தரகரை நாடுங்கள் என்று கூறும் அதேவேளை, தரகரை மாத்திரம் நம்பியிருக்க வேண்டிய நிலையில் முதியவர்களை விட்டுவிடாதீர்கள் என்று அரசையும் வேண்டிக்கொள்கின்றோம்.

பன்னிரண்டு வீதத்தைக் கடந்துவிட்ட முதியோர் தொகை அடுத்த குடிசன மதிப்பீட்டில் இன்னும் உயர்ந்திருக்கும். இன்று நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருந்துகொண்டு இதனை வாசிப்போர் அந்தத் தொகைக்குள் அடங்குவர். எமது நண்பர் பிந்திக் கேட்ட கேள்வியை, பேனையைக் கையில் எடுப்பதற்கு முன்னரே கேட்பதற்கு அவர்களுக்கு இன்னும் காலம் இருக்கின்றது.